சொந்த விருப்பத்தின் பேரில்

ஆராய்ச்சி தொடங்கும் முன்பே முடிவுரையை எழுதி லேமினேஷனும் போட்டு வைத்திருந்தார் குத்தாலிங்கம் அண்ணாச்சி. இப்படியும் ஒரு கூத்து உண்டா என்று கேட்காதீர்கள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் அவர் நடத்துகிற மெட்ரிக் பள்ளிக்கூடத்தில் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பெயரும் உண்டு. அதைச் சொல்லி வாயை நாறடித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணாச்சிக்கு ஆதித் தொழில் லாட்ஜ். ஐந்தருவி ரோட்டில் இருபத்திரண்டு ரூம். மூன்று மாதச் சீசனுக்கு வருகிறவன் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு லாட்ஜ் துண்டையும் சுருட்டிக்கொண்டு போகிறான் என்று அலுத்துப்போய்ப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். "இது வருசம் பூரா சீசன்லா!" என்று அவரே சொல்லி, அவரே சிரிப்பார். எதிரே நிற்கிற வாத்தியார்களும் சிரிக்க வேண்டும். சிரிப்பார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வர வேண்டாமா?

பத்தாம் வகுப்பில் பதினான்கு வருடமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. ரிசல்ட் வந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து அருவிக்கரை வரைக்கும் ஃப்ளெக்ஸ் கட்டிவிடுவார். அதில் அண்ணாச்சி ஆளுயரத்துக்குக் கும்பிட்டபடி நிற்பார். அவர் முழங்கைக்குக் கீழே, தபால்தலை அளவுக்கு ஒரு பெண் முகம் இருக்கும். அது கணக்கு டீச்சர் ஹைருன் பீவி. பதினான்கு வருடமும் அவள்தான் பத்தாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் கணக்கு. ஊரில் கல்யாண வீட்டுக்குப் போனால், "நூறு பர்சென்ட் டீச்சர் வந்துருக்காவ" என்று நாற்காலி எடுத்துப் போடுவார்கள். அந்த நாற்காலியில் இத்தனை வருடமும் அவள் நன்றாகச் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஜனவரியில் சென்னையிலுள்ள ஏதோ ஓர் அறக்கட்டளையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. 'பள்ளிகள் வெற்றி பெறுவது எதனால்?' என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே திட்டமிட்டு, ஆராய்ந்து எழுத வேண்டும். சிறந்த ஆய்வுக்கு விருது, பத்திரிகையில் படம். ஓசியில் விளம்பரம் என்றால் அண்ணாச்சி விடுவாரா? ஹைருன் பீவியை வழிகாட்டி ஆசிரியையாகப் போட்டார். அவள் உவைஸையும் ஸ்ரீமதியையும் தேர்ந்தெடுத்தாள். உவைஸ் எதையும் அழகாக எழுதுவான். ஸ்ரீமதி எதையும் குடைந்து கேட்பாள். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வேனில் வருகிற பிள்ளை. இயற்கணிதம் என்றால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும்; அரையாண்டில் கணக்கில் முப்பத்தொன்று. ஆனால் கேட்கிற கேள்விக்குப் பதில் வராமல் ஆளை விட மாட்டாள்.

திட்டமிடும் கூட்டம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, லாட்ஜ் சாப்பாட்டு ஹாலில். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் நடந்ததால் இடமில்லை. அருவிகள் எல்லாம் மெலிந்துபோய், கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம். ஹாலில் போன சீசனின் மசாஜ் எண்ணெய் வாடையும், காயாத மெத்தை வாடையும் கலந்து தொண்டையைப் பிடித்தன. ஹைருன் பீவி முக்காட்டை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.

அண்ணாச்சி லேமினேஷன் தாளை மேசையில் வைத்தார். வெற்றிக்குக் காரணம் ஒழுக்கம், ஸ்மார்ட் போர்டு, ஏசி வேன், தாளாளரின் தொலைநோக்கு, கடைசியாக இறைவன் அருள்.

"முடிவை நான் எழுதிட்டேன். நீங்க ஆராய்ச்சியை மட்டும் பண்ணுங்க" என்றார்.

உவைஸ் மரியாதையாகத்தான் கேட்டான். "அப்பம் நாங்க எதைக் கண்டுபுடிக்கணும் சார்?"

"இதைத்தாம்லே. இதைக் கண்டுபுடிச்சு, இருபது பக்கத்துல கலர் பிரிண்ட் போட்டுக் குடு."

ஸ்ரீமதி அதற்குள் நோட்டில் ஏதோ எழுதியிருந்தாள். "சார், நாங்க ஒரு திட்டம் போட்டுருக்கோம். பரீட்சை எழுதுனவங்க எல்லாரும் பாஸு, சரி. ஆறாம் வகுப்புல சேந்தவங்க எல்லாரும் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுனாங்களான்னு முதல்ல எண்ணிப் பாக்கணும். எட்டாப்புல மூணு செக்‌ஷன் இருக்கு, பத்தாப்புல ரெண்டுதான இருக்கு? மிச்சப் பேரு எங்க போனாவ?"

மிச்சப் பேர் எங்கே போனார்கள் என்று அந்த ஹாலில் அண்ணாச்சிக்கும் ஹைருன் பீவிக்கும் தெரியும்.

ஸ்டாஃப் ரூமில் இதற்குக் களையெடுப்பு என்று பெயர். சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் வெளியே தள்ளச் சட்டம் விடாது. ஒன்பதில் கை வைப்பார்கள். அரையாண்டு மார்க்கைப் பார்த்து, பத்தில் தேறுமோ தேறாதோ என்கிற பிள்ளைகளைக் கணக்கு டீச்சர் பட்டியல் போட்டுத் தர வேண்டும். பிறகு பெற்றோரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கிட்டா ஒன்பதுல பாஸ் போட்டுத் தாரோம், அடம்புடிச்சா பெயில்தான்" என்று அண்ணாச்சி தேன் ஒழுகச் சொல்வார். முழுப் பரீட்சையை அந்தப் பிள்ளை இன்னும் எழுதியே இருக்காது! எழுதாத பரீட்சைக்கு ரிசல்ட் சொல்கிறவர் உலகத்தில் இவர் ஒருத்தர்தான். பெற்றோர் பயந்துபோய், 'எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் வேறு பள்ளியில் சேர்க்க இருப்பதால்' என்று கடிதம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிள்ளை அரசுப் பள்ளியில் சேரும். அங்கே நாலு பேர் தவறிவிட்டால், "கவர்மெண்ட் ஸ்கூல் லட்சணத்தைப் பாத்தியளா" என்று கேட்பதும் இதே வாய்தான். தூ!

அண்ணாச்சி அசரவில்லை. அதுதான் அவர் செய்த தப்பு. "எண்ணட்டும் டீச்சர், நல்லா எண்ணட்டும். போனவன் பூராவும் சொந்த விருப்பத்துல போனவன். ஒவ்வொருத்தனுக்கும் லெட்டர் இருக்கு. எந்த ஆபீசர் வந்தாலும் நான் ஃபைலைத் தூக்கிக் காட்டிருவேன். பிள்ளைகளுக்கும் காட்டச் சொல்லுங்க" என்றார். இருபது வருடமாகத் தாளைக் காட்டியே தப்பித்த மனுஷனுக்கு, தாளைப் பார்த்து ஒருவர் எதையாவது படித்துவிடுவார் என்றே தோன்றவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார்கள். உவைஸ் கையில் தடி ஃபைல். ஹைருன் பீவி டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தாள்.

"மிஸ், அஞ்சு வருசத்துல எழுபத்திமூணு லெட்டர் இருக்கு" என்றான் உவைஸ்.

"சரி, எழுதிக்கோ."

"ஒரு சந்தேகம் மிஸ்." ஸ்ரீமதி ஃபைலை மேசைமேல் விரித்தாள். ஒரு தாளைப் புரட்டினாள், அடுத்ததைப் புரட்டினாள். வலது பக்கம் சாய்ந்த, மணிமணியான எழுத்து. பத்தி முடிகிற இடத்தில் அடியில் ஒரு சின்னக் கோடு. கீழே போட்டிருக்கிற ஒப்பம் மட்டும் தாளுக்குத் தாள் வேறு; சிலதில் கைநாட்டு. "இது போர்டுல நீங்க எழுதுத எழுத்துதான மிஸ்?"

ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்கள்?

"அவங்களுக்கு எழுதத் தெரியாது. நான் ஒரு உதவியா..." என்று ஆரம்பித்தாள் ஹைருன் பீவி.

"எழுபத்திமூணு பேருக்குமா மிஸ்?" கேலியில்லை, குத்தலில்லை, அந்தப் பெண் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இந்தா இவரு கையெழுத்துக்குக் கீழ எம்.எஸ்ஸி.ன்னு போட்டுருக்காரே?"

ஹைருன் பீவி எழுந்து குழாயடிக்குப் போய் வாய்ச் சோற்றைத் துப்பிவிட்டு, கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இன்னொரு தடவை கழுவினாள். மையும் இல்லை, மண்ணும் இல்லை, கழுவுவதற்கு அந்தக் கையில் என்ன இருந்தது? உதவி என்று இத்தனை வருடமும் அவள் நிஜமாகவே நம்பியிருந்தாள். அழுதுகொண்டு நிற்கிற தாய்மாருக்கு ஒரு கடுதாசி எழுதிக் கொடுப்பது நன்மைதானே, படைத்தவன் பார்க்கிறானே என்று கூட நினைத்திருக்கிறாள். ஒரே வாசகமாக இருந்தால் பின்னால் வில்லங்கம் வராது என்று அண்ணாச்சி அவளை எழுதச் சொன்னது மட்டும் நினைவில் ஓரமாகக் கிடந்தது. ச்சீ, என்ன பிழைப்பு இது!

திரும்பி வந்தபோது உவைஸ் இன்னொன்று சொன்னான். கடிதங்களில் இருந்த நம்பர்களுக்கு இருவரும் ஞாயிற்றுக்கிழமையே போன் போட்டுப் பார்க்கத் திட்டம் போட்டிருந்தார்களாம். ஃபைல் இன்றைக்குத்தான் கிடைத்ததால் இனிமேல்தான் போட வேண்டுமாம். ஆனால் அவனுக்கு ஒருத்தியைத் தெரியும்.

"எங்க மாமி மவ முஹ்ஸினாவும் இதுல இருக்கா மிஸ். ரெண்டு வருசத்துக்கு முன்னால போனா. கவர்மெண்ட் ஸ்கூல்ல பத்தாப்பு எழுதுனா. கணக்குல அறுபத்திரெண்டு."

முஹ்ஸினாவை ஹைருன் பீவிக்கு நன்றாக நினைவிருந்தது. தேறாது என்று அவள் பேருக்கு எதிரில் பென்சிலால் புள்ளி வைத்ததும் நினைவிருந்தது.

"மிஸ்" என்றாள் ஸ்ரீமதி. "இந்த வருசமும் லிஸ்ட் உண்டா?"

"கிளாஸுக்குப் போங்க ரெண்டு பேரும்" என்றாள் ஹைருன் பீவி. இந்த வருடப் பட்டியலை ஜனவரி இருபதாம் தேதியே அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். பதினான்கு பேர். மூன்றாவது பெயர் ஸ்ரீமதி.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி அறைக்குப் போனாள். அந்த அறையில் அவருக்கு எதிரே ஒரு நாற்காலி உண்டு, அது பெற்றோருக்கு. வாத்தியார்கள் நின்றுதான் பேசுவார்கள்.

"ஸ்ரீமதி பேரை எடுத்துருங்க அண்ணாச்சி. அவளுக்குச் சொல்லிக்குடுத்தா வந்துரும். நான் பொறுப்பு."

"எந்த ஸ்ரீமதி? அந்த வாய் நீளமா? மிச்சப் பேரு எங்க போனாவன்னு கேட்டுதே, அதா?" அண்ணாச்சி பட்டியலை எடுத்து, பேனாவால் மூன்றாவது பெயரை வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு முதலிடத்துக்குக் கொண்டுபோனார். "மத்தவங்களை மார்ச்சுல கூப்பிடுவோம். இவ அம்மாவை வியாழக்கிழமை வரச் சொல்லியாச்சு. நீங்களும் இருங்க டீச்சர். கடுதாசி எழுதணும்லா?"

ஆராய்ச்சியை என்ன செய்வது என்று கேட்டாள். "உவைஸ் எழுதட்டும், கையெழுத்து நல்லாருக்கு. லேமினேஷன்ல உள்ளதை எழுதச் சொல்லுங்க" என்றார். சொல்லிக்கொண்டே காதைக் குடைந்து, குடைந்த குச்சியைப் பார்த்து, மேசைமேல் வைத்தார். இந்த ஆளுக்கு முன்னால் பதினான்கு வருடம் நின்றிருக்கிறோமே என்று அவளுக்குக் குமட்டியது. அதைவிட, இன்றும் நின்றபடியேதான் பேசுகிறோம் என்பது குமட்டியது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கே ஆவுடைத்தாய் வந்துவிட்டாள். ஸ்ரீமதியின் அம்மா. கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச்சேலை, தலைநிறையப் பிச்சிப்பூ, கையில் ஒரு பை வெங்காயம். ஹைருன் பீவியை வராந்தாவில் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகப் பையை நீட்டினாள்.

"நம்ம வயல்ல வெளஞ்ச உள்ளி டீச்சர். உங்களுக்குன்னு ரெண்டு கிலோ எடுத்துட்டு வந்தேன். எங்க வீட்டுல அவுக பட்டாளத்துல, சத்தீஸ்கர்ல டூட்டில இருக்காவ. நேத்து போன்ல சொன்னேன், பிள்ளை என்னமோ ஆராய்ச்சி பண்ணுதாளாம், பாராட்டுறதுக்குப் பெரிய சாரே கூப்பிட்டுருக்காவன்னு. கேம்ப்புல எல்லாருக்கும் சொல்லிட்டாவளாம் மனுஷன்!"

ஹைருன் பீவி பையை வாங்கவும் முடியாமல், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் நின்றாள். சொல்லிவிடலாமா என்று வாயெடுப்பதற்குள் உள்ளே மணி அடித்தது. அண்ணாச்சி கூப்பிடுகிறார்.

ஆவுடைத்தாய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அண்ணாச்சி வெள்ளாமை எப்படி, சூரியகாந்திக்கு விலை எப்படி என்று இரண்டு நிமிஷம் விசாரித்தார். அப்புறம் குரலைத் தணித்துத் தேனை ஊற்றினார். பிள்ளை தங்கமான பிள்ளைதான், கணக்குதான் ஏறவில்லை, பத்தாம் வகுப்பு ரொம்பக் கஷ்டம், பிள்ளை மனசு ஒடிந்துவிடும், இப்போதே வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டால் ஒன்பதில் பாஸ் போட்டுத் தருகிறோம், இல்லாவிட்டால் பெயில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆவுடைத்தாய்க்குக் கொஞ்ச நேரம் எதுவும் விளங்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "அப்பம்... பாராட்டக் கூப்புடலியா?" என்றாள்.

அண்ணாச்சி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஹைருன் பீவி பக்கம் தள்ளினார். "டீச்சர், வழக்கம்போல எழுதுங்க. பாவம், அந்தம்மாவுக்கு எழுத வராதுல்லா."

ஹைருன் பீவி தாளைத் தொடவில்லை.

"எழுதுங்க டீச்சர்" என்றது ஆவுடைத்தாயே. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "பெயிலுன்னு தெரிஞ்சா அவுக அங்கன என்ன பாடு படுவாவ! டி.சி.யே குடுத்துருங்க. அஞ்சாப்பு வரைதான் படிச்சேன், கையெழுத்து மட்டும் போடுவேன். நீங்க எழுதுங்க, நான் போடுதேன்." சொல்லிக்கொண்டே மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டாள்.

இப்படித்தான் எழுபத்துமூன்று பேரும் கேட்டிருந்தார்கள். எழுதுங்க டீச்சர், எழுதுங்க டீச்சர் என்று. கழுத்தில் கத்தியை வைத்த பிறகு வருகிற கெஞ்சலை நன்றி என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள் இவள். நூறு பர்சென்ட் டீச்சர்! அவளுக்கு அந்த அறையே அழுகின வாடை அடித்தது. அந்த வாடையில் பாதி தன்னுடையது என்பதும் தெரிந்தது.

"ஆவுடைத்தாயம்மா, நான் சொல்லுறதைக் கேளுங்க" என்றாள். "உங்க மக இன்னும் முழுப் பரீட்சையே எழுதல. எழுதாத பரீட்சையில எவனும் பெயில் போட முடியாது. நீங்களா விருப்பப்பட்டு டி.சி. கேட்டாத்தான் இவங்களால அனுப்ப முடியும். அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. இது இல்லேன்னா இவங்க கையில ஒண்ணும் இல்ல."

"டீச்சர்!" என்றார் அண்ணாச்சி.

"அஞ்சு வருசத்துல மட்டும் எங்கிட்டேருந்து உங்க மகளை மாதிரி எழுவத்திமூணு பிள்ளைக போயிருக்கு. அத்தனைக்கும் நான்தான் எழுதிக்குடுத்தேன். அதுல ஒரு பிள்ளை வேற ஸ்கூல்ல போயி அறுபத்திரெண்டு வாங்கியிருக்கு. எனக்குத்தான் சொல்லிக்குடுக்க வக்கில்ல. தெனமும் சாயங்காலம் ஸ்ரீமதிய எங்கிட்ட விடுங்க. அவ பேப்பரை நான்தான் திருத்துவேன். வாங்குன மார்க்கைப் போடுவேன், ஒண்ணு கூடவும் போட மாட்டேன், ஒண்ணு குறைச்சும் போட மாட்டேன்."

"பேப்பரை யாரு திருத்தணும்னு நான்லா முடிவு பண்ணணும்?" அண்ணாச்சி சிரித்தார். பல் மட்டும்தான் சிரித்தது.

ஆவுடைத்தாய் பேனாவை விடவில்லை. விவசாயக் குடும்பத்துப் பெண், யாரை நம்பி எதை விதைக்கலாம் என்று யோசித்துப் பழகியவள். ஹைருன் பீவியின் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"பரீட்சை முடியுத வரைக்கும் நீங்க இங்கன இருப்பியளா டீச்சர்?"

நியாயமான கேள்வி. திங்கட்கிழமை மகள் கேட்டாள், இன்றைக்குத் தாய் கேட்கிறாள். ஹைருன் பீவி பதில் சொல்வதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். அந்த வெள்ளைத்தாளையே இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தினார்.

"டீச்சருக்கு வேற நல்ல இடம் அமைஞ்சிருக்கு போல. அவங்களே ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போயிருவாங்க. எழுதுங்க டீச்சர், உங்களுக்குத்தான் வாசகம் மனப்பாடம் ஆச்சே."

ஹைருன் பீவி சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்து, ஆவுடைத்தாய்க்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பதினான்கு வருடத்தில் முதல் தடவை.

"என்னைப் போகச் சொல்லணும்னா உங்க கையால எழுதிக் குடுங்க அண்ணாச்சி. காரணத்தையும் சேத்து எழுதுங்க. எனக்கு விருப்பம்னு நான் எழுத மாட்டேன்."

அண்ணாச்சி முகத்திலிருந்த தேன் வற்றிப்போயிற்று. ஃபேன் காற்றில் தாள் படபடத்தது. யாரும் அதைப் பிடிக்கவில்லை.

ஆவுடைத்தாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"அப்பம் எனக்கும் விருப்பம் இல்ல சார்" என்றாள்.